செப்ட்ரானும் மெத்தோட்ரெக்ஸேட்டும்: ஒரே என்சைமுக்கு எதிரா ரெண்டு மருந்து வந்த கதை

முதல்ல ஒரு நிலைமையைச் சொல்லிடறேன். இது குறிப்பிட்ட ஒரு ஆளோட கதை இல்ல, மெடிக்கல் ஜர்னல்கள்ல பல வருஷமா திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கிற ஒண்ணு. அறுபத்தஞ்சு வயசு அம்மா ஒருத்தங்கனு வச்சுக்கங்க, முடக்குவாதம், ஊர்ல சரவாங்கினு சொல்வாங்களே அது, ரொம்ப வருஷமா இருக்கு, வாராவாரம் ஞாயித்துக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்டுட்டு வர்றாங்க, கை வீக்கம் எல்லாம் அடங்கி நல்லாத்தான் இருக்காங்க. நடுவுல யூரின் இன்ஃபெக்ஷன் வருது, வேற ஒரு கிளினிக்ல கோ-ட்ரைமாக்ஸசோல் எழுதித் தர்றாங்க, அதாங்க மெடிக்கல் ஷாப்ல செப்ட்ரான்னு கேட்டா எடுத்துக் கொடுக்கிற பழைய மாத்திரை. ஒரு வாரம் பத்து நாள் போகுது. வாய் முழுக்கப் புண்ணு, காய்ச்சல், சாப்பிட முடியல. ரத்தம் டெஸ்ட் பண்ணா வெள்ளையணு, தட்டணு, ஹீமோகுளோபின் மூணுமே சரசரனு இறங்கிக் கிடக்கு.

மெத்தோட்ரெக்ஸேட் பொறந்தது புற்றுநோய் மருந்தா. செப்ட்ரான்ல இருக்கிற ட்ரைமெத்தோப்ரிம் பாக்டீரியாவைக் கொல்ல. ரெண்டும் அடிக்கிறது பேரளவுல ஒரே என்சைமைத்தான், அதாவது செல்லுக்குள்ள ரசாயன வேலையை நடத்தற ஒரே புரோட்டீனை, பேரு டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ், சுருக்கமா டிஎச்எஃப்ஆர். ஆனா லேப்ல எடுத்த நம்பரைப் பாத்தா ட்ரைமெத்தோப்ரிம் மனுஷ என்சைமைத் தொடவே கூடாது, அப்படித்தான் அதை உருவாக்கினாங்க. அப்புறம் ஏன் இந்த அம்மாவுக்கு இப்படி ஆச்சு? இந்த ஒரு கேள்வியை வச்சே என்சைம் இன்ஹிபிட்டர் டிசைன், அதாவது என்சைமை அடைக்கிற மருந்தை வடிவமைக்கிறதுன்னா என்னனு பேசிடலாம்னு தோணுது, ஏன்னா இந்தத் துறையோட நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு என்சைம்ல இருக்கு.

என்சைம் என்ன பண்ணுது

செல்லு ஒண்ணு ரெண்டாகணும்னா டிஎன்ஏவை நகல் எடுக்கணும், அதுக்கு தைமின் வேணும். தைமின் செய்யறப்போ ஒரு கார்பனை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டணும், அந்தக் கார்பனைச் சுமந்துட்டு வர்றது ஃபோலேட், நம்ம கீரையில இருக்கிற அதே வைட்டமின்தான். இதுல ஒரு சிக்கல், மத்த வேலைகள்ல எல்லாம் ஃபோலேட் கார்பனைக் கொடுத்துட்டு அப்படியே திரும்பி வந்துடும், தைமின் செய்யறப்போ மட்டும் கார்பனோட சேத்து தன்கிட்ட இருக்கிற ஹைட்ரஜனையும் கொடுத்துட்டு வெறும் டைஹைட்ரோஃபோலேட்டா நிக்கும். அதை மறுபடி வேலைக்கு லாயக்கா ஆக்கறதுதான் டிஎச்எஃப்ஆர், என்ஏடிபிஎச்ங்கிற ஹைட்ரஜன் சுமக்கிற மூலக்கூறு கிட்ட இருந்து ஹைட்ரஜன் வாங்கி இதுக்கு ஏத்தும். டிஎச்எஃப்ஆரை அடைச்சுட்டா செல்லுல இருக்கிற ஃபோலேட் எல்லாம் கொஞ்ச நேரத்துல காலி டப்பாவா மாறிடும், தைமின் நின்னுடும், பிரியற செல்லு செத்துடும். சும்மா இருக்கிற செல்லுக்கு அவ்வளவு பாதிப்பு இல்ல. கேன்சர் செல்லு, எலும்பு மஜ்ஜை, வாய் குடல் உள்தோல், வேகமா பெருகற பாக்டீரியா, இதுங்களுக்குத்தான் அடி. அந்த அம்மாவுக்கு முதல்ல வாய்ப்புண் ஏன் வந்துச்சுனு இப்பவே புரிஞ்சிருக்கும்.

மெட்ராஸ் வழியா பாஸ்டனுக்கு

இந்தக் கதையில நம்ம ஊர் ரெண்டு தடவை வருது, இழுத்துக் கொண்டுவரல, நிஜமாவே வருது. 1928-ல லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தாங்க, கர்ப்பிணிப் பெண்களுக்கு வர்ற ஒரு மோசமான ரத்தசோகையை ஆராய. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்லயும் வேலை பாத்தாங்க, 1931 தொடக்கத்துல மெட்ராஸ்ல கோஷா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, இப்பவும் திருவல்லிக்கேணிக்காரங்க கோஷா ஆஸ்பத்திரினு சொல்ற அதே கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான். மார்மைட்னு பிரெட்ல தடவிச் சாப்பிடற ஈஸ்ட் விழுது இருக்கு பாருங்க, அதைக் கொடுத்தா அந்த ரத்தசோகை சரியாகுதுனு கண்டுபிடிச்சாங்க. அதுல இருந்தது என்ன பொருள்னு அப்போ தெரியாது. 1941-ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல நாலு டன் பசலைக்கீரையைப் பிழிஞ்சு ஒரு பொருளைப் பிரிச்சு, இலைக்கு லத்தீன்ல இருக்கிற வார்த்தையில இருந்து ஃபோலிக் ஆசிட்னு பேர் வச்சாங்க.

ரெண்டாவது ஆளு எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல பீமவரத்துல பொறந்தவர், அப்போ அது மெட்ராஸ் மாகாணம், பிரசிடென்சி காலேஜ்ல படிச்சிட்டு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேந்தார். காந்தி சொன்னாருனு கதர்ல தச்ச ஆபரேஷன் கவுன் போட்டுட்டுப் போனதுக்கு வெள்ளைக்கார சர்ஜரி புரொஃபசருக்குக் கோபம், கடைசியில முழு எம்பிபிஎஸ் கொடுக்காம எல்எம்எஸ்ங்கிற ஒரு படி கீழான பட்டம்தான் கொடுத்தாங்க. மனுஷன் 1922-ல பாஸ்டனுக்குக் கப்பல் ஏறிட்டார். ஹார்வர்ட்ல ஃபிஸ்கேயோட சேந்து பாஸ்பரஸ் அளக்கிற முறையைக் கண்டுபிடிச்சார், பயோகெமிஸ்ட்ரி லேப்ல ஃபிஸ்கே-சுப்பாராவ் முறைனு ரெக்கார்டு நோட்ல எழுதினவங்க எத்தனை பேரு, அது நம்ம ஊர்ல படிச்ச ஆளுனு தெரிஞ்சு எழுதினவங்க எத்தனை பேருனு எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. 1940-ல லெடர்லேங்கிற மருந்து கம்பெனிக்குப் போனார், அங்க அவரோட குழு ஃபோலிக் ஆசிடைச் செயற்கையா செஞ்சுது, அதுக்கப்புறம் அதை அங்கங்க மாத்தி ஃபோலேட்டுக்கு எதிரா வேலை செய்யற பொருள்களையும் செஞ்சுது.

பாஸ்டன்ல குழந்தைகள் ஆஸ்பத்திரியில சிட்னி ஃபார்பர். லுக்கேமியா குழந்தைகளுக்கு ஃபோலேட் வகைப் பொருள் கொடுத்துப் பாத்தார், நோய் குறையறதுக்குப் பதிலா வேகமாகுதுனு கவனிச்சார். அப்போ ஃபோலேட்டை மறிச்சா என்ன ஆகும்? லெடர்லேயில இருந்து வந்த அமினோப்டெரினை 1947 கடைசியில கொடுக்க ஆரம்பிச்சார். 1948 ஜூன்ல வெளியான கட்டுரையில 16 குழந்தைகள், அதுல 10 பேருக்கு நோய் பின்வாங்கிச்சு. தற்காலிகமாத்தான், மறுபடி வந்துடுச்சு, ஆனா அதுவரைக்கும் அந்த நோய்க்கு மருந்துனு ஒண்ணு எதிர்த்து நின்னதே இல்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல சுப்பாராவ் இறந்துட்டார், 53 வயசு. அமினோப்டெரின்ல ஒரே ஒரு மெத்தில் சேத்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட், அது நஞ்சு கொஞ்சம் கைக்கு அடங்கினதுங்கிறதால அதுவே நிலைச்சுது. 1956-ல மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் கோரியோகார்சினோமாங்கிற கருப்பை சம்பந்தப்பட்ட கேன்சரை இதை வச்சே மறைய வச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, இவ்வளவும் நடக்கிறப்போ டிஎச்எஃப்ஆர்ங்கிற என்சைமே யாருக்கும் தெரியாது. 1950-கள் கடைசியிலதான் மெத்தோட்ரெக்ஸேட் ஒட்டறது இந்த என்சைம்லனு கண்டாங்க. மருந்து முந்தி, இலக்கு பிந்தி. என்சைமைப் பாத்து வடிவமைச்சாங்கனு இன்னிக்கு கிளாஸ்ல சொல்றது பாதிதான் உண்மை.

தலைகீழா உக்காந்த நகல்

ஃபோலிக் ஆசிட்ல ஒரு மூலையில இருக்கிற ஆக்சிஜனை எடுத்துட்டு ஒரு அமினோவை வச்சா அமினோப்டெரின். அவ்வளவுதான் வித்தியாசம். அப்போ அது ஃபோலேட் உக்கார்ற இடத்துல அப்படியே உக்காந்து அடைச்சுக்கும்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. 1977-ல சான் டியேகோவுல ஜோசஃப் கிராட் குழு, ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியாவோட டிஎச்எஃப்ஆர்ல மெத்தோட்ரெக்ஸேட் ஒட்டியிருக்கிற படத்தை எக்ஸ்ரே கிரிஸ்டல் முறையில எடுத்தப்போ கதையே வேற. அந்த ரெட்டை வளையம் ஃபோலேட் உக்கார்ற மாதிரி இல்ல, 180 டிகிரி புரண்டு உக்காந்திருக்கு. அமினோ வந்ததால வளையத்தோட காரத்தன்மை ஏறிடுச்சு, ஒரு புரோட்டானை வாங்கி பாசிட்டிவ் ஆகிடுது, என்சைம்ல ஃபோலேட் உக்கார்ற குழிக்கு அடியில 27-வது இடத்துல இருக்கிற ஆஸ்பார்ட்டிக் ஆசிட்ங்கிற அமினோ ஆசிட் நெகட்டிவ், ரெண்டும் கெட்டியா பிடிச்சுக்குது. மனுஷ என்சைம்ல அதே இடத்துல குளூட்டாமிக் ஆசிட் இருக்கு, வேலை அதே வேலைதான். பிடி எவ்வளவு இறுக்கம்னா பைக்கோமோலார் அளவு, அதாவது ரொம்ப ரொம்பக் கொஞ்சம் மருந்து இருந்தாலே போதும், கிட்டத்தட்ட ஒட்டினா விடாது.

இறுக்கமா ஒட்டறதுல மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஈடு இல்ல, ஆனா யாரைனு பாக்காது. பாக்டீரியா என்சைமையும் மனுஷ என்சைமையும் ரெண்டையும் அதே மாதிரி பிடிக்கும். சரி, அப்போ இதை ஏன் ஆன்டிபயாடிக்கா யூஸ் பண்ணலனு கேட்டா இன்னொரு விஷயம், அதோட வாலுல குளூட்டமேட் இருக்கு, சார்ஜ் உள்ள வாலு, நம்ம செல்லுல ஃபோலேட்டை உள்ள இழுக்கவே தனியா ஒரு வாசல் இருக்கிறதால அது வழியா இதுவும் நுழைஞ்சுடும். பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அப்படி ஒரு வாசலே கிடையாது, அதுங்க ஃபோலேட்டைத் தானே செஞ்சுக்குதுங்க. அதனால லேப் டியூப்ல என்சைமை அடைக்கிற மருந்து, பாக்டீரியா முழுசா இருக்கிறப்போ வெளிய நின்னு பாத்துட்டு இருக்கும். டிசைன் பண்றவங்க என்சைம் நம்பரை மட்டும் பாத்து மயங்கற இடம் இதுதான்.

டக்கஹோவுல வேற வழி

நியூயார்க் பக்கத்துல டக்கஹோங்கிற ஊர்ல பரோஸ் வெல்கம் கம்பெனி லேப்ல ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் வேற பாதையில போயிட்டு இருந்தாங்க. ஹிட்சிங்ஸ் 1942-ல சேந்தவர், எலியன் 1944-ல. லாக்டோபேசிலஸ் கேசைங்கிற பாக்டீரியாவை வளத்து, டிஎன்ஏ எழுத்து மாதிரி இருக்கிற பொருள்களை ஒவ்வொண்ணா அதுல போட்டு எது வளர்ச்சியைக் கெடுக்குதுனு பாத்தாங்க. பிரிமிடின் வளையத்துல ரெண்டாவது, நாலாவது இடத்துல அமினோ இருந்தா ஃபோலேட்டைக் கெடுக்குதுனு 1940-கள் கடைசியிலேயே பிடிச்சுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, மெத்தோட்ரெக்ஸேட்டோட ரெட்டை வளையத்துல பாதியை வெட்டி, வாலையும் கழட்டிட்டா மிஞ்சறது இதுதான். சின்ன மூலக்கூறு, சார்ஜ் உள்ள வாலு இல்ல, வாசல் தேட வேண்டாம், சுவத்தை ஊடுருவிப் போயிடும்.

அப்புறம் அஞ்சாவது இடத்துல என்ன மாட்டறதுனு விளையாட்டு. குளோரின் உள்ள ஒரு வளையத்தை மாட்டினா பைரிமெத்தமின், மலேரியா மருந்து. மூணு மெத்தாக்ஸி உள்ள பென்சில் வளையத்தை மாட்டினா ட்ரைமெத்தோப்ரிம். 1965-ல பர்ச்சாலும் ஹிட்சிங்ஸும் ஒரு அட்டவணை போட்டாங்க, இந்தத் துறையில எனக்குப் பிடிச்ச அட்டவணைனு ஒண்ணு சொல்லச் சொன்னா அதைத்தான் சொல்லுவேன். பல உயிரிகள்ல இருந்து டிஎச்எஃப்ஆரைப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் பாதி அடைக்க எவ்வளவு மருந்து வேணும்னு அளந்திருக்காங்க. ட்ரைமெத்தோப்ரிம், ஈ.கோலை என்சைமுக்கு சுமார் 5 நானோமோலார் போதும். மனுஷ ஈரல் என்சைமுக்கு சுமார் 300 மைக்ரோமோலார் வேணும், ஒரு மைக்ரோமோலார்னா ஆயிரம் நானோமோலார். வகுத்துப் பாத்தா 60,000 மடங்கு. பைரிமெத்தமினுக்கும் ஒரு பெரிய இடைவெளி உண்டு, மலேரியா ஒட்டுண்ணிக்கும் மனுஷனுக்கும் நடுவுல, ஆனா பாக்டீரியா மேல அது சொத்தை. ஒரே தலை, மாட்டின துண்டு மட்டும் வேற, எதிரியே மாறிடுது. 1988-ல நோபல் பரிசு எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும் ஜேம்ஸ் பிளாக்குக்கும் சேத்துக் கொடுத்தாங்க.

60,000 எங்கிருந்து வருது? ஈ.கோலை என்சைம் 159 அமினோ ஆசிட், மனுஷனுது 186, மடிஞ்சு நிக்கிற உருவம் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனா குழியோட வாய் முதுகெலும்பு உயிரிகள்ல கொஞ்சம் அகலம், கோழி ஈரல் என்சைமை வச்சுப் பாத்ததுல ஒண்ணரை ரெண்டு ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு அணு அகலம் அளவு வித்தியாசம். அந்த அகலத்தால மூணு மெத்தாக்ஸி வளையம் வேற பக்கம் சாய்ஞ்சு உக்காருது, பாக்டீரியாவுல கிடைக்கிற ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு இங்க கிடைக்கல. அதோட என்ஏடிபிஎச் பக்கத்துல இருந்தா பாக்டீரியா என்சைம் ட்ரைமெத்தோப்ரிமை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், நம்ம என்சைம்ல அந்த உதவி அவ்வளவு கிடைக்காது. ஒண்ணும் மாயம் இல்ல, சின்னச் சின்ன இழப்பு மூணு நாலு சேந்தா பெருக்கல் கணக்குல ஆயிரக்கணக்குக்குப் போயிடும்.

1968-ல இங்கிலாந்துல ட்ரைமெத்தோப்ரிமை சல்ஃபாமெத்தாக்ஸசோலோட ஒண்ணுக்கு அஞ்சுங்கிற விகிதத்துல சேத்து விட்டாங்க, 80 மில்லிகிராமுக்கு 400. சல்ஃபா அடிக்கிறது பாக்டீரியா ஃபோலேட் செய்யற முந்தின படியை, அந்த என்சைம் நமக்குக் கிடையவே கிடையாது. ஒரே வழியில ரெண்டு இடத்துல மறியல்.

கேன்சர் பக்கம் இந்தச் சலுகை இல்ல. புற்று செல்லோட டிஎச்எஃப்ஆரும் பக்கத்து நல்ல செல்லோடதும் ஒண்ணுதான், வித்தியாசமான குழினு எதுவும் இல்ல. அதனால பிரிச்சு அடிக்கிறதை மூலக்கூறு பண்ணல, டாக்டருங்க கடிகாரத்தை வச்சுப் பண்றாங்க. எலும்புப் புற்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை மலை மாதிரி டோஸ் ஏத்திட்டு, அப்புறம் குறிச்ச நேரத்துல லூக்கோவோரின் கொடுத்து நல்ல செல்லைக் காப்பாத்துறது. டிஎச்எஃப்ஆரைத் தாண்டின ஃபோலேட் வடிவம் அது.

எதிரியும் சும்மா இல்ல

மருந்து வந்து நாலே வருஷத்துல, 1972-ல, ட்ரைமெத்தோப்ரிமை எதிர்க்கிற ஜீன் பிளாஸ்மிட்ங்கிற சின்ன டிஎன்ஏ வளையத்துல ஏறி பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவறதைப் பாத்துட்டாங்க. அதுல ஒரு வகை, ஆர்67னு சொல்ற டிஎச்எஃப்ஆர், இருக்கிற என்சைம் மாறினது கிடையாது, சம்பந்தமே இல்லாத புரோட்டீன். 78 அமினோ ஆசிட் உள்ள துண்டு நாலு சேந்து நடுவுல ஒரு ஓட்டை, அந்த ஓட்டையிலேயே அதே வேலையைச் செஞ்சுக்குது. நீங்க குழியோட வடிவத்தைப் பாத்து பாத்து மருந்து செஞ்சா, அது குழியே வேண்டாம்னு போயிடுச்சு. கேன்சர் செல்லு பண்ணது இன்னும் முரட்டுத்தனம், 1978-ல ஸ்டான்ஃபோர்ட்ல ராபர்ட் ஷிம்கே குழு காட்டினது, மெத்தோட்ரெக்ஸேட்ல ஊறின எலி செல்லுங்க டிஎச்எஃப்ஆர் ஜீனையே நூறு இருநூறு நகல் எடுத்து வச்சுக்குதுங்க. எவ்வளவு மருந்து வந்தாலும் அதை விட என்சைம் அதிகம்.

இதுல எனக்கு நம்பிக்கை கொடுத்த வேலை ஒண்ணு உண்டு. ஈ.கோலை டிஎச்எஃப்ஆர்ல 28-வது இடத்துல இருக்கிற லூசின்ங்கிற அமினோ ஆசிட் ஆர்ஜினினா மாறினா என்சைம் தன் சொந்த டைஹைட்ரோஃபோலேட்டை இன்னும் இறுக்கிப் பிடிச்சு, ட்ரைமெத்தோப்ரிமை ஓரம் கட்டிடும். எர்டால் டோப்ராக் குழு 2021-ல என்ன பண்ணாங்கனா, ட்ரைமெத்தோப்ரிம்ல நடு மெத்தாக்ஸியோட ஒரு மெத்திலை மட்டும் எடுத்துட்டாங்க, அது உடம்புலேயே ட்ரைமெத்தோப்ரிம் சிதையறப்போ வர்ற ஒரு பொருள்தான். அந்தப் பொருள் மாறின என்சைமையும் அடைக்குது, அதுல வளத்த பாக்டீரியா எதிர்ப்பை மெதுவாத்தான் சம்பாதிக்குது. எதிரி அடுத்து எங்க மாறும்னு தெரிஞ்சு வச்சுட்டு மருந்து செய்யறதை டிசைன்னு சொன்னா நான் ஒத்துக்குவேன். ஆனா ஆர்67 மாதிரி வேற புரோட்டீனே வந்து நின்னா இந்த வித்தை செல்லாது. புது டிஎச்எஃப்ஆர் ஆன்டிபயாடிக்னு பேசப்பட்ட இக்ளாப்ரிமை அமெரிக்க எஃப்டிஏ 2009-லயும் 2019-லயும் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிடுச்சுங்கிறதையும் சேத்தே பாக்கணும்.

திரும்ப அந்த அம்மாகிட்ட

இப்போ கணக்குப் போடலாம். செப்ட்ரான் சாப்பிட்டா ரத்தத்துல ட்ரைமெத்தோப்ரிம் ஒரு மில்லிக்கு சுமார் 2 மைக்ரோகிராம்னு வச்சுக்கங்க. மூலக்கூறு எடை 290, அப்போ கிட்டத்தட்ட 7 மைக்ரோமோலார். மனுஷ என்சைமைப் பாதி அடைக்க 300 வேணும். நாப்பது மடங்குக்கு மேல கம்மி. காகிதத்துல பாத்தா தப்பே நடக்கக் கூடாது, ஃபோலேட் நல்லா இருக்கிற ஆளுக்குப் பெரும்பாலும் நடக்கவும் நடக்காது.

ஆனா அந்த அம்மா உடம்புல ஏற்கெனவே மெத்தோட்ரெக்ஸேட் செல்லுக்குள்ள போயி வாலுல மேல மேல குளூட்டமேட் ஒட்டிக்கிட்டு வெளிய வர முடியாம வாரக்கணக்கா தங்கியிருக்கு, ஃபோலேட் கையிருப்பும் கம்மி. அந்த நிலையில கொஞ்சம் அடைச்சாலே அதிகம். அதை விடப் பெரிய விஷயம் என்சைம்ல இல்லவே இல்ல, கிட்னியில இருக்கு. மெத்தோட்ரெக்ஸேட் வெளிய போறது முக்கியமா கிட்னி வழியா, செப்ட்ரான்ல இருக்கிற மருந்துங்க அந்த வழியில குறுக்க நிக்குது, சல்ஃபா ரத்தப் புரோட்டீன்ல ஒட்டியிருக்கிற மெத்தோட்ரெக்ஸேட்டைக் கழட்டியும் விடுது. வயசானவங்க, கிட்னி ஏற்கெனவே கொஞ்சம் மந்தம். வாரத்துக்கு ஒண்ணா வடிவமைச்ச மருந்து உள்ளயே தேங்கிடுது. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு தடவைங்கிறதை மறந்து தினமும் போட்டவங்களுக்கு வர்ற அதே கோலம்தான் இதுவும். 60,000 மடங்குனு இருந்த அந்தச் சுவர் இடியல, சுத்திட்டு வந்துடுச்சு.

காப்பாத்தறதும் அதே படத்தை வச்சுத்தான். ரெண்டு மருந்தையும் நிறுத்தணும், லூக்கோவோரின் ஊசி போடணும். இங்க நிறைய பேர் குழம்பற இடம், வாராவாரம் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போ கூட்டிக் கொடுத்தா போதாதானு. போதாது, ஏன்னா ஃபோலிக் ஆசிட் வேலைக்கு வரணும்னாலே டிஎச்எஃப்ஆர் வழியா போகணும், அதுதான் அடைஞ்சு கிடக்கே. லூக்கோவோரின் அந்த இடத்தைத் தொடாமலே உள்ள போயிடும். லூக்கோவோரின் கொடுத்தா பாக்டீரியாவும் தப்பிச்சுடாதானு அடுத்த சந்தேகம் வரும், ஈ.கோலை மாதிரி கிருமிகளுக்கு வெளிய இருக்கிற ஃபோலேட்டை எடுக்கத் தெரியாது, அதுங்களுக்கு இந்த உதவி போய்ச் சேராது. எண்டரோகாக்கஸ் விதிவிலக்கு, அது வெளிய கிடைக்கிறதை எடுத்துக்கும், யூரின் கல்ச்சர்ல அந்தக் கிருமி வந்தா கோ-ட்ரைமாக்ஸசோலை நம்பி உக்கார முடியாதுங்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.